ஒன்பது பூச்சு கண்ட பெட்டி

"திட்சி" என்று பர்மியர் சொல்லும் கறுப்பு மரப்பாலுக்கு ஒரு வாசனை உண்டு. முதலில் புளித்த பழம்போல மூக்கில் இனித்து, பிறகு தொண்டைக்குள் இறங்கிக் கசக்கும். காட்டு மரத்தைக் கீறி வடித்த அந்தப் பாலைப் பலகையில் பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடியும் பூசினால் பலகை கண்ணாடிபோல முகம் காட்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், எனக்குப் பதினோரு வயது நடந்தபோது, ரங்கூனில் சீனத் தச்சர்கள் குடியிருந்த பின்சந்துகளில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் இந்த வாசனையை வைத்தே எந்த வீட்டுக்குப் பின்னால் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திறமையைப் பற்றி அன்று எனக்கு இருந்த பெருமைதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த தவற்றுக்கு வழிகாட்டியது.

நாங்கள் பபேடான் பகுதியில் இருந்தோம். அப்பா சுகாதார வேலையில் மேஸ்திரி. அவருக்குக் கீழே தமிழ் ஆட்கள் இருபது பேர். தெருவையும் சாக்கடையையும் வீடுகளின் பின்புறத்தையும் கூட்டிக் கழுவுவது அவர்கள் வேலை, அவர்களை விரட்டுவது அப்பாவின் வேலை. எங்கள் நகரத்தின் தெருக்கள் ஆற்றை நோக்கி நேர்க்கோடாக ஓடும். இரண்டு தெருக்களின் வீடுகள் முதுகோடு முதுகாக நிற்கும் இடத்தில் ஒரு சந்து விட்டிருப்பார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் அதைக் "கல்லி" என்றார்கள். பெரியவர்கள் கண்ணுக்கு அது கழிவு போகும் வழி. எனக்கும் என் பள்ளித்தோழன் ஆ மிங்குக்கும் அதுதான் நகரம்.

நாங்கள் இருவரும் ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். பள்ளியிலிருந்து ஆற்றங்கரைவரை கல்லி வழியாகவே போக வேண்டும். பெரிய தெருவைக் கடக்க நேர்ந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். நடுவில் மூச்சு விட்டவன் திரும்பப் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படிப் போய்ப்போய்ச் சீனர் பகுதியின் முதுகுப்புறம் முழுவதும் எங்களுக்கு மனப்பாடம் ஆயிற்று. முன்புறத்தில் எல்லாக் கடைகளும் ஒரே மாதிரிச் சிவப்புப் பலகையும் தங்க எழுத்துமாக இருக்கும். பின்புறத்தில்தான் ஒவ்வொரு வீடும் தன் முகத்தைக் காட்டும். மூங்கிலில் துணிபோல உலரும் சேமியா, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட வாத்துகள், ஊதுவத்தியைப் பாம்புச் சுருளாகச் சுற்றும் பெண்கள், செத்தவர்களுக்கு எரிப்பதற்காகக் காகிதக் குதிரையும் காகித வீடும் செய்து சுவரோரம் அடுக்கும் ஒரு கண்பார்வை மங்கிய மனிதர், சீனக் குலத்தார் கூடும் மடத்தின் பின்வாசலில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சதுரங்க ஆட்டம் என்று ஒவ்வொரு கல்லிக்கும் ஒரு வேடிக்கை இருந்தது. பர்மியர் சீனர்களையே இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள்: நீளக்கை அங்கி அணிந்த வியாபாரிகள் "லெஷே", குட்டைக்கைச் சட்டை அணிந்த கைவேலைக்காரர்கள் "லெட்டோ". லெஷே வீடுகளின் பின்கதவு பூட்டியே இருக்கும். லெட்டோ வீடுகளின் பின்கதவுக்குப் பூட்டு இருந்ததாகவே நினைவில்லை.

ஆ மிங் லெட்டோ வீட்டுப் பிள்ளை, அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தவன். அவனுடைய அப்பா தச்சர், அறுபதை நெருங்கியவர், நான் அவரை "ஆ பாக்", அதாவது பெரியப்பா, என்று கூப்பிட வேண்டும் என்று ஆ மிங் சொல்லிக் கொடுத்திருந்தான். அம்மா டோ சேன் பர்மியப் பெண். அப்படிப்பட்ட கலப்புக் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது; ஆண் பிள்ளை அப்பாவைப்போலச் சீனனாக வளர்வான், பெண் பிள்ளை அம்மாவைப்போலப் பர்மியப் பெண்ணாக வளர்வாள். ஆகவே ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடும் அண்ணன் ஆ மிங் சீனக் கால்சட்டையிலும், தங்கை மா டின் இடுப்பில் சுற்றும் பர்மியத் "தமெய்ன்" கட்டியும் இருப்பார்கள். பட்டறையைத் தாண்டித்தான் சமையற்கட்டு. நான் எப்போதும் பின்வழியாகவே நுழைவதைப் பார்த்து டோ சேன், "கலாப் பையா, எங்க வீட்டுக்கு முன்வாசல்னு ஒண்ணு இருக்கு, ஒரு நாளைக்கு வந்து பாரு" என்று கேலி செய்வார். "கலா" என்றால் இந்தியன். வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். அவர் சொன்னால் சிரிப்பேன்.

அந்தக் கல்லிக்குள் தினமும் போய்வந்த இன்னொரு தமிழர் உண்டு. அப்பாவின் ஆட்களில் ஒருவர், முனியன். அந்த நாளில் நாங்கள் எல்லோரும் அவரை "அவன்" என்றுதான் சொன்னோம். இப்போதாவது "அவர்" என்று எழுதுகிறேன். காலையில் அவர் கூடையும் துடைப்பமுமாகக் கல்லியைக் கழுவி முடித்ததும் ஏதாவது ஒரு பின்வாசலில் அவருக்குத் தேநீர் கொடுப்பார்கள், பெரும்பாலும் டோ சேன்தான். காதில்லாத சின்னப் பீங்கான் கிண்ணம். ஆ பாக் குடித்த அதே கிண்ணம். கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்து வருகிறவருக்கு அதிலேயே ஊற்றுவார்கள். எங்கள் தெருவில் முனியனுக்கென்று தனியாக ஒரு தகரக் குவளை வேலியில் செருகியிருக்கும். எங்கள் வீட்டில் அதுவும் கிடையாது. கையைக் குவிக்கச் சொல்லி அம்மா மேலிருந்து ஊற்றுவாள். இந்த வித்தியாசத்தை நான் அப்போதே பார்த்திருக்கிறேன். அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று தோன்றவில்லை.

அந்தப் பனிக்காலத்தில் கல்லிகளில் எலிகள் செத்துக் கிடக்கத் தொடங்கின. எலி செத்தால் பிளேக் வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டில் பிளேக் சாவு நடந்தால் அங்கே இருப்பவர்களை ஊருக்கு வெளியே கொட்டகை முகாமில் பத்து நாள் அடைத்து, வீட்டுக்கு மருந்து தெளித்து, பாய் படுக்கையைக் கொளுத்துவார்கள். அதற்குப் பயந்து சனங்கள் சாவை மறைத்தார்கள். அப்பாவின் பகுதியில் இப்படி இரண்டு சாவுகள் மறைக்கப்பட்டுப் பிறகு வெளியே தெரிந்துவிட, வைத்தியத் துரை அவரை ஆட்களின் முன்னாலேயே வைதுவிட்டார். இன்னொன்று தப்பினால் வேலை போய்விடும் என்று சொன்னாராம். 

அந்த வாரம் ஆ மிங் மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் மாலை நான் அவனைத் தேடிக்கொண்டு போனேன். முன்கதவு அடைத்திருந்தது. கல்லி வழியாகப் போனால் பின்கதவும் அடைத்திருந்தது, அது அடைத்திருந்து நான் பார்த்ததே இல்லை. சாக்கடையோரம் இரண்டு எலிகள் கிடந்தன. கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். பட்டறை முழுவதும் கயிறு கட்டி ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றின் நடுவே இரண்டு மரக்குதிரைகளின்மேல் ஒரு சவப்பெட்டி, கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு இருந்தது. அதன் பக்கத்தில் முக்காலியில் டோ சேன் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கி, கண்கள் இரண்டும் கீறல்களாகி, அவரென்று அடையாளமே தெரியவில்லை. ஆ பாக்கைக் காணோம். நாலைந்து நாளாகவே அவரைக் காணவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கதவைத் தட்டியிருக்கலாம். தட்டினால் ஆ மிங் வந்து திறந்திருப்பான். அவன் அந்தச் சாக்குகளுக்குப் பின்னால்தான் தூங்கிக்கொண்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது. நான் தட்டாமல் ஓடினேன். பயத்தால் ஓடினேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமும் இருந்தது. ஆனால் யாருக்கும் தெரியாத ஒன்று என் கையில் இருக்கிறது என்ற துள்ளல்தான் என் காலை விரட்டியது.

அப்பா முழுவதையும் கேட்டார். "உன் கண்ணால பாத்தியா, இல்ல எவனாவது சொன்னானா?" என்றார். என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு துரையின் பங்களாவுக்குப் போனார். போகும்போது, காலையில் நீதான் வந்து அந்தப் பின்கதவைக் காட்ட வேண்டும், பின்னாலிருந்து பார்த்தால் எல்லா வீடும் ஒன்றுபோல இருக்கிறது என்றார். எனக்கு அவை ஒன்றுபோல இல்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் தெருக்குழாயடியில் முனியன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னால் வாயை அடக்க முடியவில்லை, அவரிடமும் சொன்னேன். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"அடப் பாவமே, அதுல பொணம் இல்ல தம்பி. அந்தக் கெழவர் மரம் பாக்க மோல்மீன் போயிருக்காரு. அது அவருக்குன்னு அவரே செஞ்ச பெட்டி. சீனக்காரங்க உசிரோட இருக்கறப்பவே செஞ்சு வச்சுக்குவாங்க, வருசத்துக்கு ஒரு பூச்சு பூசுவாங்க. இதோட ஒம்பது பூச்சு. நம்ம ஊட்டுல பொண்ணு பொறந்தா பாத்திரம் சேக்கறோம்ல, அந்த மாதிரின்னு வச்சுக்க."

வருடம் முழுவதும் அது பரணில் சாக்குப் போர்த்திக் கிடக்கும். புது வருடத்துக்கு முன் இறக்கிப் பூசுவார்கள். தூசி படக் கூடாதென்று கதவை அடைப்பார்கள். பனிக்காலத்தில் காற்று வறண்டு போனால் திட்சி காயாது என்பதால் ஈரச் சாக்குக் கட்டி, அதற்கு விடாமல் தண்ணீர் தெளிக்கப் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்வார்கள். திட்சி சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கிவிடும், டோ சேனுக்கு வருடா வருடம் வீங்கும். எல்லாவற்றையும் முனியன் விளக்கினார். நம்மவர்களில் பாடையை ஆள் செத்த பிறகுதான் கட்டுவோம். உயிரோடு இருப்பவர் வீட்டில் மூங்கிலைச் சாய்த்து வைத்தாலே சண்டை வரும். அப்படி வளர்ந்த எனக்கும் அப்பாவுக்கும் இது தோன்றாமல் போனதில் வியப்பில்லை.

"அப்பாகிட்ட நீயே சொல்லிரு தம்பி," என்றார் முனியன். "நான் சொன்னா, சீனன் குடுத்த டீக்கு வாலாட்டுறான்னுவாரு."

சொல்கிறேன் என்றேன்.

இதுவரை நடந்தது தெரியாமல் செய்த தவறு. இனி எழுதுவது தெரிந்து செய்தது.

அப்பா துரையைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது வேறு மனிதராக இருந்தார். என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இலை போடச் சொன்னார். அதற்கு முன் நான் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. "என் ஆளு இருபது பேரு கண்ணுல படாதது இவன் கண்ணுல பட்டிருக்கு. துரை உன் பேரைக் கேட்டாருடா" என்றார். அம்மா எனக்கு நெய் விட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, இப்போது சொல்லலாம், இந்தக் கவளத்துக்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். ரசம் வந்தது, மோர் வந்தது. அப்பா கையைக் கழுவ எழுந்தார். நான் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நான் முன்னே நடந்தேன். கல்லியின் முனையில் நின்று கையை நீட்டிக் கதவைக் காட்டிவிட்டு, காகிதக் குதிரைக்காரரின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். துரை முன்பக்கமாக வந்தார், அப்பாவும் ஆட்களும் பின்பக்கமாக. டோ சேன் யாரும் சாகவில்லை, யாரும் சாகவில்லை என்று பர்மிய மொழியில் திரும்பத் திரும்பச் சொன்னார். துரைக்கு அந்த மொழி தெரியாது. அப்பாவுக்கு வேலை வாங்கும் சொற்கள் மட்டும் தெரியும். பெட்டியைத் திறந்தார்கள். காலியாக இருந்தது. பிணத்தை முன்பே கடத்திவிட்டார்கள் என்றார் அப்பா. வீங்கிய முகமும் வாசலில் கிடந்த எலிகளும் துரைக்குப் போதுமானவையாக இருந்தன.

முனியன் ஆட்களுக்கு நடுவிலிருந்து, "மேஸ்திரி, அது வந்து" என்று ஆரம்பித்தார்.

"நீ தூக்குடா," என்றார் அப்பா.

முனியனும் இன்னொருவருமாகப் பெட்டியைக் கல்லிக்குத் தூக்கி வந்தார்கள். கோடரியால் முதல் வெட்டு வெட்டியதும் முனியன்தான். வெட்டச் சொன்னார்கள், வெட்டினார். ஆ பாக் ஒன்பது வருடமாகத் தேய்த்த அந்தப் பலகைகள் லேசில் பிளக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். பக்கத்து வீடுகளின் பின்கதவுகள் எல்லாம் திறந்து சனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆ மிங் தங்கையின் கையைப் பிடித்தபடி முகாம் வண்டியில் ஏறினான். புகைக்கு நடுவில் முனியன் ஒருமுறை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்தது.

அந்தப் புகையில் நின்றவர்களுக்கெல்லாம் மறுநாள் முகம் வீங்கியது. அப்பாவுக்கும் வீங்கியது, டோ சேனுக்கு வீங்கியிருந்தது போலவே. அவர் சவரக் கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை ஆணியில் மாட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.  அதன் பிறகு அவர் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டதே இல்லை.

முகாமில் யாருக்கும் நோய் வரவில்லை. பத்து நாள் கழித்து விட்டுவிட்டார்கள். அதற்குள் ஆ பாக் மோல்மீனிலிருந்து வந்து, பூட்டிய வீட்டின் பின்னால் கரியைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அவர் கோபப்பட்டதாக ஆ மிங் சொல்லவில்லை. தேசத்தை விட்டு வந்தவருக்குத் தன் ஊர் மண்ணில் புதைபட வழியில்லை, நல்ல பெட்டியாவது இருக்கட்டும் என்றுதான் அதைச் செய்தார் என்று மட்டும் சொன்னான்.

யார் காட்டிக் கொடுத்தது என்ற கேள்விக்குக் கல்லி தானாகவே விடை கண்டுபிடித்துக்கொண்டது. வெளியாள் என்று தினமும் உள்ளே வந்தவர் ஒருவர்தான். கோடரி பிடித்ததும் அவர்தான். முனியன் வந்தால் பின்கதவுகள் சாத்திக்கொண்டன. ஒரு நாள் மாடியிலிருந்து மீன் கழுவிய தண்ணீரை அவர் தலையில் ஊற்றினார்கள். தேநீர் நின்றுபோயிற்று. ஆ மிங்கும் அவருக்குக் கேட்கும்படியாகக் காறித் துப்பினான். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு மாதத்துக்குள் அவரே அப்பாவிடம் கேட்டுக்கொண்டு ஆற்றோரக் குப்பைமேட்டு வேலைக்கு மாறிப் போனார்.

போகும் முன் குழாயடியில் அவரைப் பார்த்தேன். நான்தான் என்று ஏன் அவர்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நம்புனாலும் அந்தப் பயலுக்கு நீ ஒருத்தன்தான் கூட்டாளி," என்றார். துடைப்பத்தை உதறினார். "நீ சொல்லணும். இப்ப பயமா இருந்தா அப்புறமாச் சொல்லு. ஆனா சொல்லிரு."

ஆ பாக் மறுபடியும் ஒரு பெட்டி தொடங்கினார். மூன்று பூச்சு முடிந்திருந்தபோது இறந்துபோனார். நான் துக்கத்துக்குப் போனேன். அவர்கள் வழக்கப்படி வந்தவர்களுக்கு ஒரு மிட்டாய் கொடுப்பார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அங்கேயே தின்றுவிட வேண்டும். டோ சேன் தன் கையால் எனக்குக் கொடுத்தார். தின்றேன்.

போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு, எங்கள் இருவருக்கும் தலை நரைக்கத் தொடங்கிய வயதில், ஆ மிங்கோடு ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது நான் பள்ளி ஆசிரியன். பிள்ளைகள் பொய் சொன்னால் பிரம்பால் அடிக்கிறவன். பேச்சு பழைய கல்லிகளுக்குத் திரும்பியது. ஆ மிங் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே, "எங்கம்மா கையால டீ வாங்கிக் குடிச்சுக்கிட்டே காட்டிக் கொடுத்தான் பாரு, அந்தக் கூட்டுறவன். அதை மட்டும் என்னால மறக்க முடியல" என்றான். எதிரே நான் இருந்தேன். வேறு யாரும் கேட்கவில்லை. அவனால் என்னை என்ன செய்துவிட முடியும்? நான், "சில பேரு அப்படித்தான்" என்றேன்.

பதினோரு வயதில் செய்தவற்றை வயதின் மேல் போடலாம். இதை எதன் மேலும் போட முடியவில்லை.

இப்போது எனக்கு எண்பது வயது. நகரத்துக்கு யாங்கோன் என்று பெயர். புறநகரான தாகேதாவில் பேரன் வீட்டில் இருக்கிறேன். சென்ற வருடம் ஒரு காரியமாகப் போனபோது அந்தக் கல்லிக்குள் நுழையப் பார்த்தேன். இரும்புக் கதவு போட்டு, உள்ளே இடுப்பளவு குப்பை. பட்டறைகள் இல்லை, காகிதக் குதிரைகள் இல்லை. பெட்டியை முன்கூட்டிச் செய்துவைக்கும் வழக்கத்தைப் பற்றி அந்தத் தெருப் பையன் ஒருவனிடம் கேட்டால் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறான். முனியன் எப்போது இறந்தார் என்றுகூட எனக்குத் தெரியாது, கேட்கத் துணிந்ததும் இல்லை. அவருடைய கொள்ளுப்பேரன் எங்கள் வார்டிலேயே "சைக்கா" என்ற மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டுகிறான். பர்மியப் பெயர், பர்மியப் பேச்சு. என்னை வைத்தியரிடம் கூட்டிப்போகிறவனும் அவன்தான். ஆ மிங் இறந்து ஆறு வருடமாகிறது. டோ சேன் எப்போதோ போய்விட்டார்.

இந்தப் பக்கங்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். இதில் சம்பந்தப்பட்டவர்களில் மிஞ்சியிருக்கும் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பது எழுதத் தொடங்கும்போதே எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு தைரியமாக எழுத முடிந்தது. ஆ மிங்கின் தங்கை மா டின் இன்னும் அந்த வீட்டின் மாடியிலேயே இருக்கிறார், காதும் நன்றாகக் கேட்கிறதாம். தாகேதாவிலிருந்து ஒரே பஸ். முனியன் இல்லை, நான்தான் என்று பர்மிய மொழியில் சொல்ல ஐந்தாறு சொற்கள் போதும். அவை எல்லாமே எனக்குத் தெரிந்த சொற்கள்தான்.